கோவையிலிருந்து புனே, வழி ஹைதராபாத்

கோவை
ஏப்ரல் 6, 2024

ஸ்ரீவித்யா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே குரல் உயர்ந்துவிடுகிறது, எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று குடும்ப நீதிமன்றத்து ஆலோசகர் அம்மா சொன்னார். விவாகரத்துக்குப் பிறகு நாம் இருவரும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பது அது ஒன்றைத்தான். ஆங்கிலத்தில் எழுதினால் நம் இரண்டு பேருக்குமே வக்கீல் நடை வந்துவிடுகிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

விஷயம் ப்ரியம்வதாவின் கோடை விடுமுறை. தீர்ப்பின்படி அதில் பாதி நாள் அவள் என்னிடம் இருக்க வேண்டும். போன இரண்டு வருஷமும் நானே ரயிலில் வந்து கூட்டிக்கொண்டு போனேன். இந்த வருஷம் என்னால் வர முடியாது. அவளை விமானத்தில் தனியாக அனுப்பிவைப்பாயா?

இந்த வரியோடு மடிக்கணினியை மூடிவிடப் போகிறாய் என்று தெரியும். மூடாதே. துணையில்லாமல் வரும் குழந்தைகளுக்கு விமான நிறுவனமே ஆள் போடுகிறது. நீ அங்கே ஒப்படைத்தால், கழுத்தில் அட்டை மாட்டி ஏற்றி இறக்கி, இங்கே என் அடையாளத்தைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஆகாய வழியில் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். ரயிலில் ஒரு நாளைத் தின்றுவிடுகிற தூரம், பறந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு கார்ட்டூன் படம் பார்த்து முடிப்பதற்குள் வந்து இறங்கிவிடுவாள். ஒன்பது வயதாகிவிட்டது அவளுக்கு.

நீ போட்ட மனுவின் நகல் போன வாரம் வந்து சேர்ந்தது. இனி நான் அவளைப் புனேயில் மட்டும், அதுவும் உன் கண்ணெதிரே மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். விசாரணை ஜூலையில். என்ன ஆகுமோ தெரியாது. அதற்கு முன்னால் இந்த ஒரு விடுமுறையாவது அவள் இங்கே இருக்கட்டும்.

சந்துரு


புனே
ஏப்ரல் 9

சந்துருவுக்கு,

மடிக்கணினியை மூடவில்லை. முழுவதும் படித்தேன். பதில் எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

தொள்ளாயிரம் கிலோமீட்டர் என்கிறீர்கள். அது ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் நடுவே உள்ள தூரம். போன தீபாவளிக்கு அவளை அழைத்துப் போய், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னீர்கள். ஞாயிறு வரவில்லை. திங்களும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. கடைசியில் உங்கள் அக்கா விசாலம் எடுத்தார். "அவன் படுத்திருக்கறான், எந்திரிச்சதும் வருவான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒருநாள் காலையில் அவளோடு வாசலில் வந்து நின்றீர்கள். "டிக்கெட் கெடைக்கல." அவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்குக் கோவைக்கும் புனேக்கும் இடையிலான தூரம் நீங்கள் போனை எடுக்காத அந்த இரண்டு நாள்தான். மனு போட வைத்ததும் அதுதான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை.

விமானத்தைக் கண்டு மிரள்கிறவள் இல்லை நான். விமானப்படையும் பயன்படுத்துகிற விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விஷ்ராந்த்வாடியில் குடியிருக்கிறோம். தலைக்கு மேலே போர் விமானம் கிளம்பினால் பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனபின் மிச்சத்தைப் பேசுகிற வீடு இது. ஆனால் இதுவரை எந்த விமானத்திலும் என் பெண் தனியாக உட்கார்ந்திருந்ததில்லை.

ஒன்று கேட்கிறேன். இரண்டு மணி நேரம்கூட இல்லை என்கிறீர்களே, அப்புறம் நீங்களே பறந்து வந்து கூட்டிப்போனால் என்ன?

ஸ்ரீவித்யா


கோவை
ஏப்ரல் 12

ஸ்ரீவித்யா,

நியாயமான கேள்வி. சில மாதங்களுக்கு விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தனியாக நீண்ட ரயில் பயணமும் வேண்டாம் என்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை. ப்ரியத்துக்குத் தொற்றிக்கொள்கிற வியாதியும் இல்லை. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இங்கே எழுதுவது நாளைக்கு உன் வக்கீலின் மேஜைக்குப் போகுமோ என்ற தயக்கம்தான்.

நீ வேண்டுமானால் அவளோடு வந்து, விமான நிலைய வாசலில் என்னிடம் விட்டுவிட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பிப் போகலாம். வீட்டுக்கு வா என்று கூப்பிட மாட்டேன்.

அக்கா இப்போதே மாடி அறையைக் கழுவி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டாள். "வரட்டும், வராம போகட்டும், வலை இருந்தா ஆகாதா?" என்கிறாள்.

சந்துரு


புனே
ஏப்ரல் 20

சந்துருவுக்கு,

மே மாதம் எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்காது. கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியாது என்று உங்களுக்கு எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றியது.

"கோவைக்குத் தனியா ப்ளேன்ல போவியா?"

"தனியா எங்கேம்மா? ப்ளேன் ஃபுல்லா ஆளு இருப்பாங்கல்ல."

"நடுவுல பயம் வந்துச்சுன்னா?"

"டர் உனக்குத்தான். எனக்கு இல்ல."

சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். பள்ளியில் மராத்தி, கீழே பிள்ளைகளோடு ஹிந்தி, என்னிடம் மட்டும்தான் தமிழ். தமிழில் அவளுக்குப் பாதி வார்த்தை வராது, பயம்கூட 'டர்'தான். வந்த பாதியில் என்னை முழுசாகச் சொல்லிவிட்டாள்.

அனுப்புகிறேன். ஆனால் பகல் விமானம் மட்டும்தான். அவள் இறங்கியதும், கட்டிக்கொள்வதற்கு முன்னால் எனக்கு எழுதிவிட வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன்பு, ஜூன் எட்டாம் தேதி திரும்ப அனுப்ப வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் ஜூலைவரை நான் பொறுத்திருக்க மாட்டேன்.

ஸ்ரீவித்யா


கோவை
மே 4

வந்துவிட்டாள். கட்டிக்கொள்வதற்கு முன்னால் எழுதச் சொன்னாய். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டபடியே ஒரு கையால் தட்டுகிறேன்.

பயணத்தைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்: "சாண்ட்விச் தண்டாவா, ஜில்லுனு இருந்துச்சுப்பா."

சந்துரு


புனே
மே 4

கிடைத்தது. நன்றி.

அவளை உள்ளே அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து மொட்டை மாடியில் நின்றேன். அடுத்தடுத்து மூன்று விமானங்கள் ஏறின. எது அவளுடையது என்று தெரியாமல் மூன்றுக்கும் கையாட்டினேன். இன்று சோறு இறங்குகிறது.

ஸ்ரீவித்யா


கோவை
ஜூன் 8, மதியம்

சொன்ன தேதியில் ஏற்றிவிட்டேன். விமானம் கிளம்பிவிட்டது. அக்காவுக்குக் காய்ச்சல், அவள் வீட்டில் இருக்கிறாள். நீ பார்த்தாயிற்று என்று எழுதும்வரை நான் இங்கே விமான நிலைய வாசலிலேயே இருக்கிறேன்.

சந்துரு


புனே விமான நிலையம்
ஜூன் 8, மாலை

சந்துரு, இங்கே பேய்மழை. எதிரில் நிற்கும் ஆட்டோகூடத் தெரியவில்லை. கோவை விமானம் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது என்று போர்டில் போட்டுவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால், "ருகியே மேடம், பதா கர்கே பதாதே ஹை", விசாரித்துச் சொல்கிறோம், என்று எல்லோரையும் காக்க வைக்கிறார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம், கூச்சல். விசாலம் அக்காவைக் கூப்பிட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உன்னை எத்தனை தடவை கூப்பிடுவது? எடுக்கிறாய், ஹலோ ஹலோ என்கிறாய், வைத்துவிடுகிறாய். இதென்ன விளையாட்டு? எழுதாதே. போனை எடுத்துப் பேசு. என் குழந்தை எங்கே?


கோவை விமான நிலையம்
ஜூன் 8, மாலை

ஹைதராபாத். ப்ரியம் ஹைதராபாத்தில் பத்திரமாக இருக்கிறாள். முதலில் இதைப் படித்துக்கொள்.

விளையாடவில்லை ஸ்ரீவித்யா. எனக்குக் காது கேட்கவில்லை. வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில் மார்ச்சில் ஆபரேஷன் நடந்தது. நேரில் முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிகிறது, போனில் வெறும் இரைச்சல்தான். நீ கூப்பிட்டபோதெல்லாம் நீ என்று பெயரைப் பார்த்துத் தெரிந்தது, என்ன சொல்கிறாய் என்று தெரியவில்லை.

அனுப்பியவன் நான் என்பதால் விமான நிறுவனத்துக்காரர்கள் என்னைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைக் கூட்டிவந்த டாக்சிக்காரர் இர்பானின் கையில் போனைத் திணித்தேன். அவர் கேட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சார், பதறாதீங்க. பாப்பா ஐதராபாத்துல இருக்குதுங்க. யாரையும் கீழ எறக்கலீங்க. மழை விட்டதும் அதே ப்ளேன் புனேக்குப் போகுமாமுங்க."

உன் நம்பரை அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன், இர்பான் இரண்டு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டார். இனிமேல் உன்னையே நேராகக் கூப்பிடுவார்கள். இங்கே எந்தச் சேதி வந்தாலும் அவர் கேட்டுச் சொல்ல, நான் உடனே எழுதுகிறேன். தைரியமாக இரு.

சந்துரு


புனே
ஜூன் 9

சந்துரு,

நேற்று 'வந்துவிட்டாள்' என்று ஒற்றை வார்த்தைதான் எழுத முடிந்தது. இன்று உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பக்கத்தில் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தின் முதல் வார்த்தையைப் படித்ததும் பெட்டி தள்ளுகிற வண்டிகளுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

"ப்ரியம்வதா அம்மாவா? நான் ஃபேபியோலா பேசுதேன், புனேல வானவடியில டீச்சரா இருக்கேன். உங்க பிள்ள பக்கத்து சீட்லதான் இருக்கேன். கப்ராவோ மத், பயப்படாதீங்க, பிள்ள நல்லா இருக்கா. ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுட்ட கேட்டுட்டுத்தான் போன் போடுதேன். இந்தா, பேசுங்க."

அப்புறம் அவள் குரல். "அம்மா, நாங்க ஹைதராபாத் வந்திருக்கோம். ஆனா ஹைதராபாத் தெரியல, விங் மட்டும்தான் தெரியுது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு விசும்பினேன்.

"அம்மா, நீ அழறியா? ஏன் அழறே? ப்ளேன் நின்னுட்டுதானே இருக்கு!"

பக்கத்தில் அந்த டீச்சர் சிரிப்பது கேட்டது. எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. கோவை விமானத்துக்காகச் சுற்றி நின்றவர்களிடம், "ஹைதராபாத், ஹைதராபாத், சப் டீக் ஹை", எல்லோரும் நலம், என்று கத்தினேன். ஒரு வயதானவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மழை ஓய்ந்து, மணிக்கணக்கில் காத்திருந்தபின் கண்ணாடிக் கதவு திறந்தது. நிறுவனத்துப் பெண் ஒரு கையைப் பிடித்திருக்க, டீச்சர் இன்னொரு கையைப் பிடித்திருக்க, நடுவில் அவள் வந்தாள். ஓடிவரவில்லை. கையெழுத்துப் போடும்வரை விட மாட்டார்களாம், அதனால் பொறுமையாக நடந்து வந்தாள். அவசரத்தில் போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. "சரியாப் போடும்மா, அப்புறம் என்னை வாபஸ் எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனிமேல் உன்னைக் கேட்கிறேன். எத்தனை நாளாக இப்படி? ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஒரு மாதம் உன்னோடு இருந்தவளுக்குமா தெரியாது என்று அவளைக் கேட்டேன். "தெரியுமே. அப்பாகிட்ட லெஃப்ட் சைடுல நின்னு பேசணும்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீ அப்பாவைப் பத்தி எதுவும் கேக்கவே இல்லையே" என்கிறாள்.

நேற்றைய அவசரத்தில் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. திருத்தத் தோன்றவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஸ்ரீவித்யா


கோவை
ஜூன் 12

ஸ்ரீவித்யா,

நேற்று இர்பான் வீட்டுக்கே வந்து, "பாப்பா ஸ்கூலுக்குப் போயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். முன்பின் தெரியாத மனிதர். அக்கா பிடிவாதமாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். காதுக்குள் ஏதோ வளர்ந்து எலும்பை அரிக்கிற வியாதி. புனேயில் நாம் ஒன்றாக இருந்தபோதே வலது காது மந்தமாகத்தான் இருந்தது. நான்தான் அதைச் சட்டை செய்யவில்லை. போன தீபாவளிக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது வாசலிலேயே தலை சுற்றி விழுந்தேன். வீடு, மரம், தெரு எல்லாம் சக்கரம் மாதிரி சுழன்றன. இரண்டு நாள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன், கண்ணைத் திறந்தால் வாந்தி. கொஞ்சம் எழுந்து நிற்க முடிந்ததும் ரயில் ஏறினேன். உன் வாசலில் நின்றபோதுகூட நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நீ கத்திக்கொண்டிருந்தாய், உன் வாய் அசைவது தெரிந்தது. பாதிதான் காதில் விழுந்தது.

ஏன் சொல்லவில்லை என்கிறாய். எப்படிச் சொல்வேன்? காது கேட்காத, எந்த நேரமும் தலை சுற்றி விழக்கூடிய ஒருவனிடம் குழந்தையை விடலாமா என்று எந்த நீதிபதியும் கேட்பார். நீயும் கேட்பாய். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு தலைசுற்றல் நின்றுவிட்டது. இடது காதைக் காப்பாற்றிவிட்டோம், ஆறியபின் கருவி வைத்தால் போன்கூடப் பேசலாம் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு மழை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டது.

வேடிக்கை என்ன தெரியுமா, உனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆனதும், மனசுக்குள் ஏதோ இறங்கின மாதிரி இருக்கிறது. நேற்று பகலில் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலையில் நீ இதைச் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். வக்கீல் வைக்கவும் போவதில்லை. புனேயில் மட்டும்தான் பார்க்கலாம் என்றாலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

சந்துரு


புனே
ஜூன் 22

சந்துரு,

என் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவரும் பெண்தான், இரண்டு குழந்தைகளுக்கு அம்மா. விமானம் திசை மாறியதையும் உன் காதையும் சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது போதும் மேடம், கேஸ் நம்ம பக்கம் முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். ஆனால் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் விமான நிலையத்தில் காத்திருந்த அந்த மாலை நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். தீபாவளி சமயத்தில் நீ சொல்லாமல் விட்டதில் எனக்குப் பித்துப்பிடித்தது. இந்தத் தடவை, என் குழந்தை எங்கே இருக்கிறாள் என்று எனக்கு முதலில் சொன்னது நீதான். கேட்காத காதோடு ஒரு டாக்சிக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக எழுதிக்கொண்டே இருந்தாய். 'எரிபொருள் நிரப்புகிறார்களாம்', 'கதவை மூடிவிட்டார்களாம்', 'கிளம்பிவிட்டதாம்'. ஹைதராபாத்திலிருந்து அது மறுபடி கிளம்பியதுகூட இங்கே போர்டில் வருவதற்கு முன்னால் உன்னிடமிருந்து வந்துவிட்டது.

இதற்கு நடுவே நாம் மறுபடியும் சேர்ந்துவிடலாம் என்றெல்லாம் யாரும், முக்கியமாக உன் அக்கா, கனவு காண வேண்டாம். நம்மால் ஒரே வீட்டில் இருக்க முடியாமல் போனதற்கு உன் காது காரணமில்லை. அது உனக்கும் தெரியும்.

ஆனால் மனுவைத் திரும்பப் பெறப் போகிறேன். என்னிடம் எதையும் மறைக்காதே. மோசமான செய்தியாக இருந்தாலும் சொல்லிவிடு. தெரிந்தால் நான் சமாளித்துக்கொள்வேன், தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது. டாக்டரின் அறிக்கை வந்தால் அனுப்பு. வக்கீலிடம் போகாது. நான் படிக்கத்தான்.

ஸ்ரீவித்யா


கோவை
ஜூன் 23

ஸ்ரீவித்யா,

காலையிலிருந்து நாலைந்து தடவை எழுதி எழுதி அழித்துவிட்டேன். அக்காவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கனவு காண வேண்டாம் என்ற இடத்தில், "யாரு கண்டா கனவு? எனக்கென்ன வேற சோலி இல்லியா?" என்று முறைத்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்துகிற சத்தம். அது எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்.

அறிக்கையை இணைத்திருக்கிறேன். ஆபரேஷன் செய்த காது நன்றாக ஆறிவருகிறது.

சந்துரு


புனே
ஜூலை 19

சந்துரு,

இன்று கோர்ட் முடிந்தது. ஏன் மனுவைத் திரும்பப் பெறுகிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். மராத்தியில் சொல்ல நேற்றே நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். எதிரில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. "சார், குழந்தையின் அப்பா அவளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்று இருந்தது. வெளியே வந்து ஒரு வடாபாவ் வாங்கி, படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். காரம் கண்ணில் நீர் வர வைத்தது. அப்படித்தான் வைத்துக்கொள்.

ப்ரியம் பள்ளியிலிருந்து வந்ததும் சொன்னேன். "அப்போ தீபாவளிக்கு அப்பா வீடு, பக்கா?" என்றாள். பக்கா என்றேன். மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கிப் போனாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். பகல் விமானம், அவள் ஒருத்திக்கு மட்டும். ஃபேபியோலா டீச்சர் அந்த விமானத்தில் இல்லை, கேட்டுப் பார்த்தேன். பரவாயில்லை.

இங்கே நான் ஏற்றிவிடுகிறேன். அங்கே நீ இறக்கிக்கொள்.

ஸ்ரீவித்யா